வீட்டு வழங்கியில் ஒரு ஃபேவிகான் சேவை: எந்த வரிசையில் தேடுவது, எங்கே நிறுத்துவது?

அல்சூர்வாசி (பெங்களூரு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் குழுவினர் படித்த கட்டுரைகளின் முகவரிகளைச் சேர்த்துவைக்க ஒரு சிறிய புக்மார்க் தளத்தை வீட்டிலிருந்தே நடத்தி வருகிறேன். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மினி கணினி, அதில் லினக்ஸ், அதன்மேல் நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கர், அவ்வளவுதான் ஏற்பாடு. பட்டியல் நீண்டுவிட்டதால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தந்தத் தளத்தின் சின்னம் (ஃபேவிகான்) இருந்தால் தேடுவது எளிதாகிறது. இப்போது அந்தச் சின்னங்களைக் கூகுளின் எஸ்2 ஃபேவிகான் முகவரியிலிருந்து நேரடியாகக் காட்டுகிறேன். டொமைன் பெயரைக் கொடுத்தால் படம் வந்துவிடுகிறது என்பதில் குறையொன்றும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கும் ஒவ்வொரு முறையும், நாங்கள் எந்தெந்தத் தளங்களைச் சேர்த்துவைத்திருக்கிறோம் என்ற முழுப் பட்டியலும் அவருடைய உலாவி வழியாக வெளியே போகிறது. மருத்துவம், தொழிற்சங்கம், வழக்கு தொடர்பான இணைப்புகளும் அதில் உண்டு என்பதால் இதைத் தொடர விரும்பவில்லை.

ஆகவே கோ என்ற நிரல்மொழியில் ஒரு சிறு சேவையை நானே எழுத எண்ணியிருக்கிறேன். டொமைனைப் பெற்றுக்கொண்டு ஒரே அளவிலான பிஎன்ஜி படத்தைத் திருப்பித் தர வேண்டும். தளத்தின் வேர் அடைவில் இருக்கும் ஃபேவிகான்.ஐசிஓ கோப்பை மட்டும் கேட்டால் போதுமா, பக்கத்தையே எடுத்துப் படிக்க வேண்டுமா? கிடைத்ததை எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம்? இதை ஏற்கெனவே செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

வலைவழிப்போக்கன் (இந்திராநகர்) பதில்:

வேர் அடைவில் உள்ள கோப்பு மட்டும் போதாது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 கொண்டுவந்த வழக்கம் அது. அதே ஆண்டின் இறுதியில் எச்டிஎம்எல் 4.01 வந்தபோதே, சின்னம் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தின் தலைப்பகுதியில் லிங்க் குறிச்சொல் வழியாகச் சொல்லும் முறைக்கு இடம் ஏற்பட்டது. இன்றைய எச்டிஎம்எல் தரநிலையும், பக்கத்தில் சின்னம் எதுவும் அறிவிக்கப்படாதபோதுதான் உலாவி வேர் அடைவுக் கோப்பைத் தேடலாம் என்கிறது. உங்கள் சேவையும் முதலில் பக்கம், பிறகு வேர் என்ற அந்த வரிசையையே பின்பற்றட்டும்.

முகப்புப் பக்கத்தை எடுக்கும்போது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட்களைப் பின்தொடர்ந்து, கடைசியாக எந்த முகவரியில் போய் நிற்கிறீர்களோ அதையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். தொடங்கிய முகவரியை அல்ல. பக்கத்தில் பேஸ் குறிச்சொல் இருந்தால் சார்பு முகவரிகள் அனைத்தும் அதை வைத்தே கணக்கிடப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சின்னம் பாதித் தளங்களில் வருகிறது, பாதியில் வரவில்லை என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். லிங்க் குறிச்சொல்லில் அது எதற்கான இணைப்பு என்று சொல்லும் ரெல் பண்பின் மதிப்பு ஒரே சொல்லாக இருக்க வேண்டியதில்லை. இடைவெளிவிட்டு எழுதப்பட்ட சொற்களின் தொகுதி அது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கிடையாது. பழைய தளங்களில் ‘ஷார்ட்கட் ஐகான்’ என்று இரண்டு சொற்களாகவே இருக்கும். எனவே ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்டு பிடிக்க முயலாமல், கோவின் எக்ஸ்/நெட் தொகுப்பில் உள்ள, பக்கத்தைக் குறிச்சொல் குறிச்சொல்லாகப் பிரித்துத் தரும் எச்டிஎம்எல் டோக்கனைசரைப் பயன்படுத்துங்கள். தலைப்பகுதி முடிந்தவுடன் படிப்பதை நிறுத்திவிடலாம். முடியாமலே போகும் பக்கங்களுக்காக 512 கிலோபைட் போல ஓர் உச்சவரம்பும் இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ரசனை வேலை செய்கிறது. திரையில் 16 புள்ளி (பிக்சல்) அகலத்தில் காட்டப்போகிறீர்கள் என்றால், அடர்த்தியான திரைகளுக்கு 32 அல்லது 48 தேவைப்படும். 64 அளவில் சேமித்துவைத்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். ஆகவே 64க்குக் குறையாதவற்றில் மிகச் சிறியதை எடுங்கள். ஐபோனின் முகப்புத் திரைக்கென்று தளங்கள் வைக்கும் ஆப்பிள்-டச்-ஐகான் பெரும்பாலும் 180 அளவில், பின்னணி நிரப்பப்பட்டு, சுத்தமாக இருப்பதால் நான் அதற்கு முன்னுரிமை தருவேன். வலைச்செயலி மேனிஃபெஸ்ட் கோப்பில் 192, 512 அளவுகளில் படங்கள் இருக்கும்; ஆனால் ‘மாஸ்கபிள்’ என்று குறிக்கப்பட்டவற்றைத் தவிர்த்துவிடுங்கள். எந்த வடிவத்தில் வெட்டினாலும் சேதமாகாதபடி அவற்றின் முக்கிய உருவத்தை நடுவட்டத்துக்குள் அடக்கி வரைந்திருப்பார்கள் என்பதால், 16 புள்ளிக்குச் சுருக்கும்போது உருவம் கடுகாகிவிடும். சஃபாரிக்கான மாஸ்க்-ஐகான் ஒற்றை நிற உருவம். அதுவும் உங்களுக்கு வேண்டாம்.

ஐசிஓ கோப்பு ஒரு படமல்ல, பல அளவுப் படங்களின் பொதி. தொடக்கத்தில் ஆறு பைட் தலைப்பு, பிறகு படத்துக்கு ஒன்றாகப் பதினாறு பைட் பதிவுகள். அகலத்துக்கு ஒரே பைட் என்பதால் அங்கே 0 என்றிருந்தால் அதை 256 என்று கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது பிஎன்ஜியாகவும் இருக்கலாம், பழைய பிஎம்பி வடிவமாகவும் இருக்கலாம். பிஎம்பியில் நிறப்படத்தோடு மறைப்புப் படமும் சேர்ந்திருப்பதால் உயரம் இருமடங்காக எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே நம்பும் நிரல் நீளமான ஒரு விசித்திரத்தைத் தரும்.

கடைசியாக, வழங்கி அனுப்பும் கோப்பு வகைத் தலைப்பை நம்பாதீர்கள். ‘கிடைக்கவில்லை’ என்ற பக்கத்தை 200 என்ற ‘வெற்றி’ நிலைக்குறியோடு, படம் என்ற பெயரில் அனுப்பும் தளங்கள் ஏராளம். முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்: பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71 என்று தொடங்கும், ஐசிஓ என்றால் 0, 0, 1, 0.

---

கம்மனஹள்ளி_காவல் பதில்:

மேலே நண்பர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வரிசையில் தேடுவது என்பதற்கு முன்னால், யார் சொல்லி எங்கே போய்த் தேடுவது என்ற கேள்வி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒருவர் கொடுக்கும் முகவரிக்கு உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கணினி கோரிக்கை அனுப்புகிறது. வாசலில் நிற்பவர் நீட்டும் சீட்டைப் பார்த்து, வீட்டுக்குள் இருப்பவரே அறை அறையாகப் போய்த் திறந்து பார்த்துவந்து சொல்வதைப் போன்றது இது. டொமைன் என்ற இடத்தில் 192.168.1.1 என்று ஒருவர் கொடுத்தால் உங்கள் ரவுட்டரின் நுழைவுப் பக்கத்தை உங்கள் சேவையே போய்த் திறக்கும். டாக்கரின் இயல்பான உள்வலை 172.17 என்று தொடங்கும் என்பதால் மற்றக் கொள்கலன்களும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. நாளை இதே சேவையை மேகக்கணினிக்கு மாற்றினால் 169.254.169.254 என்ற முகவரியில் அந்த எந்திரத்தின் தற்காலிகச் சாவிகள்கூட இருக்கக்கூடும்.

பெயரைப் பார்த்துத் தடுப்பதால் பயனில்லை. எவரும் தம் சொந்த டொமைனை, கோரும் கணினியையே குறிக்கும் 127.0.0.1க்குச் சுட்டுமாறு வைக்கலாம். முதல் முறை கேட்கும்போது பொது முகவரியையும், இரண்டாம் முறை கேட்கும்போது உள்முகவரியையும் தருமாறும், பெயரை ஐபி முகவரியாகத் தீர்த்துத் தரும் டிஎன்எஸ்ஸை அமைக்கலாம். ஆகவே நீங்கள் தனியாகப் பெயரைத் தீர்த்துச் சரிபார்த்துவிட்டுப் பிறகு இணைத்தால், இரண்டுக்கும் நடுவில் முகவரி மாறிவிடும். கோ மொழியில் இதற்கு நேர்த்தியான வழி உண்டு: நெட் தொகுப்பில் இணைப்புகளை ஏற்படுத்தும் டயலரில் கன்ட்ரோல் என்ற செயற்கூறைக் கொடுத்தால், பெயர் தீர்க்கப்பட்ட பிறகு, இணைப்பு ஏற்படுவதற்குச் சற்று முன்பு, உண்மையான ஐபி முகவரியோடு அது அழைக்கப்படும். அங்கே மறுத்துவிட்டால் ரீடைரக்ட் வழியாக உள்ளே திருப்பும் முயற்சியும் அதே இடத்தில் அடிபடும், ஏனெனில் புதிய இணைப்பு ஒவ்வொன்றும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சூழல் மாறிகளில் எச்டிடிபி ப்ராக்ஸி (இடைநிலை வழங்கி) அமைத்திருந்தால் டயலர் பார்ப்பது ப்ராக்ஸியின் முகவரியை மட்டுமே, காவல் அங்கே வீணாகிவிடும்.

தடுக்க வேண்டிய தொகுதிகளை எழுதும்போது, கோ தரும் இஸ்பிரைவேட் சோதனையோடு நின்றுவிட வேண்டாம். 10, 172.16, 192.168 தொகுதிகளையும் ஐபிவி6இன் உள்வலைத் தொகுதியையும் மட்டுமே அது கவனிக்கும். லூப்பேக் (127.0.0.1 போன்றவை), லிங்க்-லோக்கல் (169.254 என்று தொடங்குபவை போன்றவை) இரண்டுக்கும் தனிச் சோதனைகள் உண்டு, ஆனால் 100.64.0.0/10 என்ற தொகுதியை நீங்களே சேர்க்க வேண்டும். இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கப் பயன்படுத்தும் இடம் அது. கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் வைத்திருந்தால் உங்கள் சொந்தக் கருவிகளும் அந்தத் தொகுதியில்தான் இருக்கும். 80, 443 தவிர வேறு போர்ட்டுகளுக்கும் அனுமதி தேவையில்லை.

படங்களிலும் ஆபத்து உண்டு. சில கிலோபைட் அளவே உள்ள ஒரு பிஎன்ஜி, விரிக்கும்போது 20,000க்கு 20,000 புள்ளிகள் என்று சொன்னால், புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 1.6 ஜிகாபைட் நினைவகம் கேட்கும். உங்கள் மினி கணினி அங்கேயே படுத்துவிடும். முதலில் டிகோட்கான்ஃபிக் கொண்டு அளவை மட்டும் படித்து, 1024ஐத் தாண்டினால் கைவிடுங்கள். உரையாக எழுதப்பட்டு, ஸ்கிரிப்ட்டும் கொண்டிருக்கக்கூடிய எஸ்விஜி படம் என்றால் அதை அப்படியே உங்கள் டொமைனிலிருந்து பரிமாறாதீர்கள். படக் குறிச்சொல்லுக்குள் இருக்கும்வரை அதன் ஸ்கிரிப்ட் இயங்காது. ஆனால் யாராவது அந்தப் படத்தின் முகவரியைத் தனித் தாவலில் திறந்தால் அது உங்கள் தளத்தின் உரிமையோடு இயங்கும். ஆர்இஎஸ்விஜி போன்ற கருவியால் பிஎன்ஜியாக மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான பரிந்துரை வேறு. பக்கத்தைப் பார்க்கும்போது சின்னத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. உறுப்பினர் ஓர் இணைப்பைச் சேர்க்கும் அந்த நேரத்தில் பின்னணியில் ஒருமுறை எடுத்துவைத்துவிட்டு, பார்வையாளருக்குச் சேமிப்பில் இருப்பதை மட்டும் கொடுங்கள். அப்போது ‘எந்த டொமைனையும் கேட்கலாம்’ என்ற திறந்த வாசலே இருக்காது. பட்டியலில் இல்லாத பெயருக்கு 404 (கிடைக்கவில்லை) என்பதே பதில்.

---

பழையகணினி (சிவாஜிநகர்) பதில்:

எழுதிப் பார்ப்பதில் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் கோ மொழியிலேயே எழுதப்பட்ட பெஸ்ட்ஐகான் என்ற திறமூலச் சேவை பல காலமாக இருக்கிறது; குறைந்தபட்ச, விரும்பும், அதிகபட்ச அளவுகளை ஒரே கோரிக்கையில் சொல்லும் அதன் முறையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கடவுச்சொல் காப்பகமான வால்ட்வார்டனும் சின்னங்களைத் தானே எடுத்துத் தருகிறது. கிடைத்த சின்னத்தை 30 நாள், கிடைக்காத செய்தியை 3 நாள் என்று அது இயல்பாக வைத்துக்கொள்கிறது. உங்கள் கடைசிக் கேள்விக்கு அந்த விகிதம் நல்ல தொடக்கம்.

---

அல்சூர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இணைப்பைச் சேர்க்கும்போதே எடுத்துவைக்கும் யோசனை பெரிய பாரத்தை இறக்கிவிட்டது. அவ்வாறே மாற்றி எழுதிவிட்டேன். டயலர் காவலும் வேலை செய்கிறது.

இப்போது வேறொரு சிக்கல் தெரிகிறது. எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் தமிழ் வலைப்பூக்கள். பிளாக்ஸ்பாட்டில் இருப்பவை எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறச் சின்னத்தோடு வரிசையாக நிற்பதால் எது எந்த வலைப்பூ என்று தெரிவதில்லை. சின்னமே இல்லாத தளங்களுக்குத் தலைப்பின் முதல் எழுத்தை வண்ணப் பின்னணியில் வரைந்து காட்டலாம் என்று பார்த்தால், ‘கோவில் கட்டடக்கலை’ என்ற வலைப்பூவுக்கு வெறும் ‘க’ வருகிறது. கோ மொழியில் ரூன் என்ற அலகைத்தான் எடுக்கிறேன். மேலும் .இந்தியா என்று முடியும் முகவரி ஒன்று சேமிப்பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது.

---

வலைவழிப்போக்கன்:

ரூன் என்பது யூனிகோடின் ஒரு குறியீட்டுப் புள்ளி மட்டுமே. ‘கோ’ என்பதில் ககரம் ஒரு புள்ளி, ஓகாரக் குறி இன்னொரு புள்ளி. எனவே முதல் ரூனை வெட்டினால் ககரம் மட்டும்தான் மிஞ்சும். கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் கிராஃபீம் தொகுதிகளாகப் பிரிக்கும் யூனிசெக் நூலகத்தைப் பயன்படுத்தினால் ‘கோ’ முழுதாக வரும். ‘ஸ்ரீ’ மட்டும் அந்த விதிப்படியும் ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாகத்தான் உடையும் என்பதால் அதற்கென்று ஒரு விலக்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் வலைப்பூக்களில் அந்தத் தொடக்கம் அரிதல்ல.

எழுத்தைச் சரியாக எடுத்தாலும் வரைவதில் அடுத்த தடை காத்திருக்கிறது. ஓகாரக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் போய் உட்கார வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு இயந்திரம். எக்ஸ்/இமேஜ் தொகுப்பின் எழுத்து வரைவி அந்த வேலையைச் செய்வதில்லை. குறியீட்டுப் புள்ளி வந்த வரிசையிலேயே உருவங்களை அடுக்கிவிடும். இந்த ஒன்றுக்காக வடிவமைப்பு இயந்திரத்தை உங்கள் நிரலோடு கட்டுவதைவிட, எழுத்தை உரையாகவே கொண்ட சிறு எஸ்விஜியை உங்கள் நிரலே உருவாக்கட்டும். வடிவமைப்பை வாசகரின் உலாவி பார்த்துக்கொள்ளும். நீங்களே உருவாக்கும் கோப்பு என்பதால் முன்னே சொல்லப்பட்ட எஸ்விஜி ஆபத்து இதற்குப் பொருந்தாது. ஆனால் வலைப்பூவின் தலைப்பிலிருந்து வரும் எழுத்தை, குறிச்சொல்லாகப் புரிந்துகொள்ளப்படாதபடி எஸ்கேப் செய்த பிறகே உள்ளே வையுங்கள். பின்னணி நிறத்தை டொமைன் பெயரின் ஹாஷிலிருந்து (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) எடுத்தால் ஒவ்வொரு தளத்துக்கும் அதன் நிறம் மாறாமல் இருக்கும்.

ஆரஞ்சுச் சின்னத்துக்கும் இதே மருந்துதான். ‘தளத்துக்கென்று சின்னம் இல்லை’ என்பதன் இன்னொரு தோற்றம் அது. வேர்ட்பிரஸ் 5.4 முதல், தளத்துக்குச் சின்னம் அமைக்கப்படாவிட்டால் வேர் அடைவுக் கோரிக்கையை வேர்ட்பிரஸின் சொந்தச் சின்னத்துக்குத் திருப்பிவிடுகிறது. அதுவும் உங்களுக்கு எதையும் அடையாளம் காட்டாது. இவற்றின் பைட்டுகளை ஹாஷ் செய்து ஒரு சிறு பட்டியலில் வைத்து, எடுத்த படம் அதில் இருந்தால் சின்னம் கிடைக்கவில்லை என்றே கருதி எழுத்துச் சின்னத்துக்குப் போய்விடுங்கள். சேவையைத் தமிழ் வாசகர்களுக்காக நடத்துபவருக்கு மற்ற எல்லா நுணுக்கங்களையும்விட இது அதிகப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

.இந்தியா முகவரி ஒருமுறை தமிழிலும் ஒருமுறை ஆங்கில எழுத்துகளால் ஆன, ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் பியூனிகோட் வடிவிலும் வந்திருக்கும். சேமிப்பின் திறவுகோலாக எப்போதும் பியூனிகோட் வடிவத்தையே வையுங்கள். எக்ஸ்/நெட் தொகுப்பின் ஐடிஎன்ஏ பகுதி மாற்றித் தரும். பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்குவதையும் இறுதிப் புள்ளியை நீக்குவதையும் அதே இடத்தில் செய்துவிடலாம். ஆனால் துணை டொமைன்களை மேல் டொமைனோடு இணைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிளாக்ஸ்பாட் முழுவதும் ஒரே தளமாகிவிடும்.

---

பழையகணினி:

கிடைக்காத செய்தியை 3 நாள் வைக்கலாம் என்று நான் எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். நம் ஊரில் மழைக்காலத்தில் மாலை நேரத்து மின்வெட்டு புதிதல்ல. யுபிஎஸ் தயவில் கணினி ஓடிக்கொண்டிருக்கும், தெருமுனையில் இணைய நிறுவனத்தின் ஸ்விட்ச் அணைந்திருக்கும். அந்த நேரத்தில் புதுப்பிப்புப் பணி ஓடினால் எல்லாத் தளங்களும் தோல்வி என்று பதிவாகி, மூன்று நாளுக்குப் பக்கம் முழுவதும் எழுத்துச் சின்னங்களாகவே நிற்கும். ஆகவே தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள். மறுமுனை வழங்கி 404 என்று சொன்னால் அது அந்தத் தளத்தின் பதில். அதை நாள்கணக்கில் நம்பலாம். டைம்அவுட், டிஎன்எஸ் தோல்வி போன்றவை உங்கள் பக்கத்துக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். புதுப்பிக்கும்போது என்ன தவறினாலும், கையில் இருக்கும் பழைய சின்னத்தை அழிக்காமல் அதையே காட்டுங்கள்.

403 (அனுமதி இல்லை) தனி வகை. தானியங்கிகளைத் தடுக்கும் அரண்களுக்குப் பின்னால் இருக்கும் தளங்கள் அதைத் தரும். குரோம் உலாவி என்று பொய்ப்பெயர் சொல்லி நுழையலாம் என்று சிலர் சொல்வார்கள்; நான் செய்வதில்லை. சேவையின் பெயரையும் தொடர்பு முகவரியையும் யூசர்-ஏஜென்ட் தலைப்பில் வெளிப்படையாக எழுதிவிட்டு, அனுமதிக்காத தளத்துக்குச் சின்னத்தைக் கையால் பதிவேற்ற ஒரு பொத்தான் வைத்துக்கொண்டேன்.

புதுப்பிக்கும் கோரிக்கையில் கோப்பின் பதிப்புக்குத் தளம் முன்பு தந்த அடையாளமான ஈடேக்கை அனுப்பினால், மாற்றமில்லாதபோது பல தளங்கள் 304 என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளும். இரு தரப்புக்கும் மிச்சம்.

---

அல்சூர்வாசி:

தோல்விகளைப் பிரிக்கும் பகுதியை இன்றே சேர்க்கிறேன். எழுத்துச் சின்னம் இப்போது ‘கோ’ என்றே வருகிறது. இறுதியாக ஒன்று: படங்களைத் தனி அடைவில் கோப்புகளாக வைப்பது நல்லதா, ஏற்கெனவே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்குள் வைப்பதா? உலாவியின் சேமிப்புக்கு என்ன தலைப்பு அனுப்புவது?

---

கம்மனஹள்ளி_காவல்:

தரவுத்தளத்துக்குள்ளேயே வையுங்கள். 10 கிலோபைட் போன்ற சிறு துண்டுகளைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து படிப்பதைவிடத் தரவுத்தளத்திலிருந்து படிப்பது சுமார் 35 விழுக்காடு வேகமானது என்று எஸ்க்யூலைட் குழுவினரே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். 64 அளவுப் பிஎன்ஜிகள் பெரும்பாலும் அதற்கும் சிறியவை. காப்புப்பிரதி எடுக்கும்போது ஒரே கோப்போடு வேலை முடிந்துவிடும் என்பது எனக்கு அந்த வேகத்தைவிட முக்கியம்.

தலைப்பைப் பொறுத்தவரை, படத்தின் முகவரியில் டொமைனோடு அதன் ஹாஷின் சில எழுத்துகளையும் சேர்த்துவிட்டால் 31536000 வினாடி, அதாவது ஓராண்டு ஆயுளும் ‘இம்யூட்டபிள்’ (மாறாதது) என்ற குறிப்பும் கொடுக்கலாம். சின்னம் மாறினால் முகவரியே மாறிவிடும் என்பதால் பழையது உலாவியில் தங்கிவிடுமோ என்ற கவலை இல்லை. எழுத்துச் சின்னத்துக்கு மட்டும் ஒரு நாள் போதும், ஏனெனில் உண்மையான சின்னம் மறுநாளே கிடைத்துவிடக்கூடும்.